பூச்சைச் சுரண்டுவதற்கு முன்: தெற்கு டர்பன் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மியர்பேங்க், கிளேர்வுட், ஜேக்கப்ஸ், வென்ட்வொர்த், இசிப்பிங்கோ பகுதிக் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும், தமிழ்ச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கட்டட வேலைதான் என் பிழைப்பு. உங்கள் மடப்பள்ளிச் சுவர், மண்டபத் தூண், கல்யாணக் கூடத்துக் கூரை என்று ஏதாவது ஒன்றில் என் கை பட்டிருக்கும். இந்த மடலில் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த திருப்பணிக்குச் சாரம் கட்டியதும் பழைய பூச்சைச் சுரண்ட ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். எந்தச் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, எங்கே கம்பி துருவேறி வெளியே தெரிகிறது, எந்தச் சுதைச் சிற்பத்தின் மூக்கும் விரலும் கரைந்திருக்கின்றன என்பதையெல்லாம் படமெடுத்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். உதிர்ந்த துண்டுகளில் சிலவற்றைப் பையில் போட்டு, எந்த இடத்தில் எடுத்தது என்று குறித்து வையுங்கள். அப்புறம் தாராளமாக வண்ணம் பூசலாம்.

கும்பாபிஷேகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் நாமே சுரண்டி, நாமே பூசி, கோபுரத்தைப் புதுசு போல ஆக்கிவிடுகிறோம். அந்த 12 ஆண்டில் ஆலைப் புகை கலந்த இந்தக் காற்று சுவரை என்ன செய்தது என்பதற்கான சாட்சியம் முழுவதும் இடிபாட்டோடு லாரியில் ஏறிப் போய்விடுகிறது. பக்தியோடு செய்கிற வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் தெற்கு டர்பனில் கோயிலைவிட நன்றாகப் பராமரிக்கப்பட்ட, கோயிலைவிட அதிகமாகப் படமெடுக்கப்பட்ட கட்டடம் வேறு இல்லை. கணக்கு எடுப்பதென்றால் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

பிள்ளைகளின் மூச்சைப் பற்றியாவது ஆய்வு நடந்தது. 2000களின் தொடக்கத்தில் மியர்பேங்க் செட்லர்ஸ் பள்ளியில் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆஸ்துமா இருப்பது தெரியவந்தது. அந்த எண் இல்லாமல் நம் பேச்சை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். வீடுகளுக்கும் கோயில்களுக்கும் அப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. உயிருக்குப் பிறகுதான் சுவர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பாட்டி கூரைத் தகட்டை மாற்றவே காசு சேர்க்க வேண்டியிருந்தால், அவர் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்திருந்த காசுதான் அந்தக் கூரைக்குப் போகிறது.

நம் நிலத்தின் அமைப்பை இளைய நிர்வாகிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். கடல் பக்கம் பிளஃப் மேடு, உள்பக்கம் பெரியா மேடு, நடுவே தாழ்ந்த சதுப்பு நிலம். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடும், மேலே சூடான காற்று மூடிக்கொள்ளும். புகை மேலெழுந்து கலைய வழியில்லாமல் வீட்டுக் கூரை உயரத்திலேயே சுற்றும். இப்படிப்பட்ட இடத்தில்தான் 1954இல் தென்னாப்பிரிக்காவின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வென்ட்வொர்த்தில் வந்தது. 1960களில் இரண்டாவது ஆலை, பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில். பிறகு மியர்பேங்கில் காகித ஆலை, சுற்றிலும் ரசாயனக் கிடங்குகள், எண்ணெய்த் தொட்டிகள். 'ஆலை இருக்கிற இடத்தில் ஏன் வீடு கட்டினீர்கள்' என்று கேட்பவர்கள் எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தைப் படிக்கட்டும். நம் பெற்றோர் எங்கே வசிக்கலாம் என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள்.

சரி, சுவருக்கு என்ன நடக்கிறது?

கந்தகம் உள்ள எண்ணெயை எரித்தால் கந்தக டையாக்சைடு வரும். நம் ஊர் ஈரக்காற்றில் அது சுவர் மேல் படிந்து அமிலமாகிறது. பழைய கோயில்களின் சுண்ணாம்புக் காரையில் இருப்பது கால்சியம் கார்பனேட். அமிலம் அதை ஜிப்சமாக, அதாவது கால்சியம் சல்ஃபேட்டாக மாற்றிவிடும். ஜிப்சம் சுண்ணாம்பைவிட எளிதாக நீரில் கரையும், அதிக இடத்தையும் அடைத்துக்கொள்ளும். மழை நேராக அடிக்கும் பக்கத்தில் அது கரைந்து வழிந்து போகும். மழை படாத இடுக்கில், அதாவது சிற்பத்தின் தாடைக்குக் கீழே, கொடுங்கையின் உள்வளைவில், மாடத்தின் மேல்மூலையில் கரித்தூளோடு சேர்ந்து கறுப்புப் பொருக்காகக் கட்டிக்கொள்ளும். அந்தப் பொருக்கு ஒருநாள் கழன்று விழும். விழும்போது சிற்பத்தின் மேல்தோலையும் கூடவே பிய்த்துக்கொண்டு போகும். திருப்பணி ஆட்கள் இதை 'அழுக்கு' என்று கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தேய்க்கிற ஒவ்வொரு தேய்ப்பிலும் கண்ணும் இமையும் போகின்றன. உள்ளே கருவறைச் சுவரில் இருக்கும் கறுப்பு வேறு, அது சூடமும் எண்ணெய் விளக்கும் விட்ட கரி. அங்கிருந்து மாதிரி எடுக்காதீர்கள், கணக்கு குழம்பிவிடும்.

கான்கிரீட்டின் கதை இன்னொரு விதம். புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது. பி.எச். அளவு 13க்குப் பக்கத்தில் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் அமில வாயுக்களும் வெளியிலிருந்து உள்ளே மெல்லக் காரத்தைத் தின்றுகொண்டு போகும். 9க்குக் கீழே இறங்கியதும் கம்பிக்குக் காவல் போய்விடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளித் தள்ளி விரிசல் விட்டு, கடைசியில் காரைத் துண்டு சன்னல் மேல்விட்டத்திலிருந்து கீழே விழும். கவர், அதாவது கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் கனம், குறைவாக வைத்துக் கட்டிய 1960களின் வீடுகளில் இது சீக்கிரம் நடக்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பினால்ஃப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளித்தால் காரம் மிஞ்சியிருக்கும் பகுதி அடர் இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதினால் போதும். ஆலையைப் பார்த்த சுவர், எதிர்ப்பக்கச் சுவர் இரண்டிலும் அளக்க வேண்டும். இந்தச் சோதனை மட்டும் எந்த ஆலையையும் குற்றவாளி ஆக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கரியமில வாயு எல்லா ஊரிலும் இருக்கிறது. மற்ற ஆதாரங்களோடு சேரும்போதுதான் இதற்கு எடை வரும்.

கூரைக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் வழக்கமான கூரை இரும்புத் தகட்டில் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் பூசியிருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான். அரிப்பை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 தரத்தின்படி நடுத்தரச் சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை தேயும். மிகக் கடுமையான 'சி5' சூழலில் 4.2 முதல் 8.4 வரை. அதே வேகம் நீடித்தால் ஓர் ஊரில் 10 முதல் 28 ஆண்டு வரை தாங்கும் பூச்சு, இன்னோர் ஊரில் 5 ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். நம் தெருக்கள் இதில் எந்த வகை என்று சொல்ல எடை போட்ட சிறு துத்தநாகத் தகடுகளை ஓர் ஆண்டு வெயிலிலும் மழையிலும் வைத்து மறுபடி எடை பார்த்தால் போதும். ஒவ்வொரு கோயில் மாடியிலும் ஒரு தகடு வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஒருநாள் அன்னதானச் செலவைவிடக் குறைவுதான். ஆய்வுக்கூடம் ஒன்று முறைப்படி தகட்டைச் சுத்தம் செய்து எடை போட வேண்டும், அது முக்கியம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பகுதியில் இன்னும் நிறைய இருக்கின்றன. அமில மழை ஷீட்டின் மேலிருக்கும் சிமெண்டை அரித்து, நார்களை வெளியே காட்டிவிடும். பாசி பிடித்திருக்கிறது என்று பிரஷர் வாட்டர் அடிக்காதீர்கள், தேய்க்காதீர்கள், உடைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 2008இல் தடை வந்தது. பழைய ஷீட்டைக் கையாள 2020இன் விதிகளின்படி பதிவு பெற்ற ஆட்களைத்தான் அழைக்க வேண்டும்.

இனி, எல்லோரும் நம் முன்னால் வைக்கும் கேள்வி. 'கடல் பக்கத்தில் இருக்கிறீர்கள், உப்புக்காற்று எல்லாவற்றையும் அரிக்கும், ஆலையை ஏன் இழுக்கிறீர்கள்?' எங்கள் சித்தி வீட்டில் முன்வாசல் விட்டத்தின் அடிப்பாகம் ஒரு காலை இடிந்து விழுந்தது. நல்லவேளை, அவர் அப்போது பூப்பறிக்கப் பின்பக்கம் போயிருந்தார். காப்பீட்டு நிறுவனம் ஆள் அனுப்பியது. வந்தவர் நின்றபடியே பார்த்துவிட்டு, 'கடல் காற்று, படிப்படியான தேய்மானம்' என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு காசு கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்கு வேறு எந்தக் காரணமும் இருக்கக்கூடும் என்று அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்க வைக்க சித்தியிடமும் எந்தத் தாளும் இல்லை.

கடல் உப்பு உண்மையான காரணம்தான். அதை மறுத்தால் நம் வாதம் முதல் அடியிலேயே சாய்ந்துவிடும். உப்பு கம்பியை அரிக்கிறது, கந்தகம் சுண்ணாம்பைத் தின்கிறது, இரண்டும் சேர்ந்த ஈரத்தில் துத்தநாகம் இன்னும் வேகமாகப் போகிறது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. உதிர்ந்த காரையை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் அதில் குளோரைடு எவ்வளவு, சல்ஃபேட் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடுவார்கள். சிமெண்டிலேயே ஜிப்சம் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள் என்பதால், மேற்பரப்பில் எடுத்த மாதிரியோடு அதே சுவரில் ஆழத்திலிருந்து எடுத்த மாதிரியையும் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்று கொண்டுவந்து சேர்த்தது. இது போதாதென்றால் இதே கடலுக்கு இதே தூரத்தில், சுத்திகரிப்பு ஆலை இல்லாத ஊரில், நம் கோயில் கட்டிய காலத்திலேயே கட்டிய ஒரு சுவரைப் பாருங்கள். வடக்கே உம்லாங்கா பக்கமும் தெற்கே அமன்சிம்டோட்டி பக்கமும் கடல் இருக்கத்தான் செய்கிறது. அங்கேயும் அதே அளவு சல்ஃபேட் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நாம்தான் பயன்படுத்தியதில்லை. 1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் மாசு என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, மனிதரின் உடல்நலத்தையும் இயற்கையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மக்களுக்குப் பயன்படும் பொருட்களுக்கு ஏற்படும் கேட்டையும் அதே வரியில் சேர்த்திருக்கிறது. ஒரு வீட்டின் கூரை, ஒரு கோயிலின் கோபுரம் இவற்றைவிடப் பயன்படும் பொருள் எது? அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, மாசு உண்டாக்கியவர் அதைத் தடுக்கவும் சீர்செய்யவும் கடமைப்பட்டவர் என்கிறது. சட்டம் வருவதற்கு முன் நேர்ந்த குறிப்பிடத்தக்க மாசுக்கும் அந்தக் கடமை பொருந்தும் என்று பின்னால் திருத்தம் வந்தது. தூசிக்கும் அளவு உண்டு. 2013இன் விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் 30 நாள் சராசரியாக ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் தூசி விழக்கூடாது. நம் கோயில் மாடியில் எவ்வளவு விழுகிறது என்று யாராவது அளந்து சொன்னால்தானே மீறல் தெரியும்?

கட்டடத்துக்காக நீதிமன்றம் அசைந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் மதுரா சுத்திகரிப்பு ஆலையும் சுற்றியிருந்த வார்ப்பாலைகளும் விட்ட கந்தகப் புகை தாஜ்மகாலின் பளிங்கை மஞ்சளாக்குகிறது என்று வழக்கு நடந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 292 ஆலைகளை எரிவாயுவுக்கு மாறு, இல்லையென்றால் அங்கிருந்து வெளியேறு என்று உத்தரவிட்டது. அங்கே உலகமே அறிந்த ஒரு மாளிகை, பின்னால் பல ஆண்டு ஆய்வுகள். நம்மிடம் தகரமும் காரையுமாக எழுந்த சின்னக் கோயில்கள். ஆனால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கால் காசு அரைக் காசு சேர்த்துக் கட்டியவை. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான 'ட்ரூரோ' இங்கே வந்து சேர்ந்த பிறகு நம் மக்கள் இந்த மண்ணில் தங்களுக்கென்று எழுப்பியவற்றில் மிஞ்சி நிற்பவை இவைதான். என் கண்ணுக்கு அவை தாஜ்மகாலுக்குக் குறைந்தவை அல்ல.

இப்போது ஏன் அவசரம் என்பதற்குக் காரணம் உண்டு. நம் பகுதியின் காற்று மாசைக் குறைக்க 2000ஆம் ஆண்டு வந்த பன்முனைத் திட்டத்துக்குப் பிறகு கந்தக அளவு கணிசமாகக் குறைந்தது. அதற்காகப் போராடிய எல்லோருக்கும், குறிப்பாக 1990களின் நடுவில் உருவான தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்புக்கு, நம் பகுதி கடன்பட்டிருக்கிறது. 2020 டிசம்பர் 4ஆம் தேதி காலை வென்ட்வொர்த் ஆலையில் வெடிப்பு நடந்தது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பும் சேதமானது. அந்த ஆலை பிறகு சுத்திகரிப்பைத் தொடரவில்லை. பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்து ஆலை 2022இல் நின்றது, 2024இல் அரசின் எரிசக்தி நிதியத்திடம் கை மாறியது. வெடித்து உடைந்த கண்ணாடிக்கு எல்லோரும் சாட்சி. அரை நூற்றாண்டுக்கு மேல் மெல்ல மெல்லத் தின்ற காரைக்கு யார் சாட்சி? உடைமை கை மாறும், பெயர்ப்பலகை மாறும், புதிதாக வருகிறவர் 'அது எங்கள் காலத்தில் இல்லை' என்பார். அந்தக் காலத்தின் பொருக்கும் சல்ஃபேட்டும் இன்னும் உங்கள் கோபுரத்தில் ஒட்டியிருக்கின்றன. அடுத்த திருப்பணியில் அதுவும் போய்விட்டால் பிறகு பேச ஒன்றுமில்லை.

உங்களிடம் இருக்கும் இன்னொரு புதையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கும்பாபிஷேக மலர்கள், ஆண்டு விழா மலர்கள், தைப்பூசத்தன்று காவடியோடு கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு தெரியும். அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், துவாரபாலகரின் கை எந்த ஆண்டு வரை முழுதாக இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் ஊரே வரும். அன்றைக்கு மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்து, வீடுகளில் இருக்கும் பழைய படங்களை ஸ்கேன் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். வீட்டின் முன்னால் எடுத்த படங்களையும் வாங்குங்கள். கூரை எப்போது மாற்றினீர்கள், எவ்வளவு ஆனது என்று ஆயாக்களிடம் கேளுங்கள். ரசீதை டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடமாக இருந்தால் மாற்றி அமைக்கவும் இடிக்கவும் மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிலர் அதைத் தொல்லையாக நினைத்து, வெறும் வெள்ளையடிப்பு என்று சொல்லி வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அனுமதிக்காகத் தயாரிக்கும் படங்களும் வரைபடமுமே நாம் கேட்கிற பதிவில் பாதி.

தொழில்காரனாக ஒன்று. பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் எனாமலோ தடித்த பிளாஸ்டிக் பெயிண்டோ அடிக்காதீர்கள். சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பின்னால் சேர்ந்து, இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். அப்போது 'ஆலைப் புகை' என்று நாம் சொன்னால், 'நீங்கள் அடித்த பெயிண்ட்' என்று பதில் வரும், அது நியாயமாகவும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சுக்குச் சுண்ணாம்பே போடுங்கள். பளபளப்பு குறைவு, சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். ஆனால் அமிலம் முதலில் அந்த மெல்லிய பூச்சைத்தான் தின்னும், சிற்பம் தப்பிக்கும்.

பதிவை மூன்று படியாக வையுங்கள். ஒன்று கோயிலில், ஒன்று உங்கள் பகுதி வரி செலுத்துவோர் சங்கத்தில், ஒன்று பல்கலைக்கழகத்திலோ மரபுரிமை அமைப்பிலோ. ஒரு கோயில் மட்டும் செய்தால் அது ஒரு கோயிலின் புகார். கிளேர்வுட் முதல் இசிப்பிங்கோ வரை எல்லாக் கோயில்களும் ஒரே படிவத்தில், ஒரே முறையில் செய்தால், மாநகராட்சி ஆலைகளுக்குக் காற்று வெளியேற்ற உரிமத்தைப் புதுப்பிக்க உட்காரும்போது அந்த மேசையில் வைக்க நம்மிடம் ஒரு கட்டு ஆதாரம் இருக்கும். காகித ஆலை ஓடுகிறது, தொட்டிகள் இருக்கின்றன, கிளேர்வுட் தெருக்களில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடிச் சுவர்களை அதிர வைக்கின்றன. பழைய கணக்கு இல்லாமல் புதிய உரிமத்துக்கு நிபந்தனை கேட்பது கஷ்டம். மசூதிக் குழுக்களும் தேவாலயக் குழுக்களும் இதே புகையில்தான் நிற்கின்றன. அவர்களையும் முதல் நாளிலேயே கூப்பிடுங்கள்.

படிவத்தை நான் எழுதித் தருகிறேன். பினால்ஃப்தலீன் பாட்டிலும் அளவுகோலும் கொண்டு சாரத்தில் ஏறி, உங்கள் பிள்ளைகளுக்கு எங்கே உடைப்பது, எப்படிக் குறிப்பது என்று காட்டித் தருகிறேன். இதற்குக் கூலி வேண்டாம். உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு, சாரம் எந்தத் தேதியில் ஏறுகிறது என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மியர்பேங்கிலிருந்து உங்கள் கொத்தனார்